மணிக்கு நாலு லிட்டர் என்று சொன்னார்கள்: ஒரு வள்ளக்காரனின் எரிபொருள் கணக்கு

பின்பலகையில் வெளியே மாட்டும் வெளிப்பொருத்து மோட்டார் வைத்த வள்ளம் எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று கரையில் யாரிடம் கேட்டாலும் ஒரே ஒரு எண்ணைச் சொல்வார்கள். ‘மணிக்கு நாலு லிட்டர்’, ‘மணிக்கு அஞ்சு லிட்டர்’. எந்த வேகத்தில், எவ்வளவு சுமையோடு, நீரோட்டம் எந்தப் பக்கம் இருக்கும்போது என்று யாரும் சொல்வதில்லை. கேட்பவனுக்கும் அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. அந்த ஒற்றை எண்ணை நம்பிக் கடலுக்குப் போன எனக்கு ஒரு முழு இரவும், ஒரு பருவத்தின் வருமானத்தில் பெரும்பகுதியும் போயின. எங்கள் பகுதியில் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கும் கனவோடு இருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவராவது அந்த இரவை அனுபவிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக இதை விரிவாகவே எழுதுகிறேன்.

என் ஊர் நீரோடி. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் மேற்குக் கடைசி. கூப்பிடு தூரத்தில் பொழியூர், அங்கிருந்து கேரளம். கடலில் அந்த எல்லை கிடையாது. அவர்களும் நாங்களும் ஒரே நீரில்தான் தொழில் செய்கிறோம், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசிக்கொள்கிறோம். எல்லை தெரிவது பெட்ரோல் பங்கில்தான். கேரளத்தைவிட இந்தப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அப்படியும் நூறு ரூபாயைத் தாண்டித்தான் நிற்கிறது.

வள்ளம் வாங்குவதற்கு முன்பு பல ஆண்டுகள் தூத்தூர்ப் பகுதி விசைப்படகுகளில் சுறாவுக்குப் போனவன் நான். ஆழ்கடலில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறேன். காற்றும் தெரியும், நீரோட்டமும் தெரியும். ஆனால் அந்தப் படகுகளில் டீசல் கணக்கு உரிமையாளருக்கும் டிரைவருக்கும் உரியது. எங்களுக்குச் செலவைக் கழித்த பிறகு வரும் பங்கு மட்டுமே தெரியும். குழந்தைகள் பிறந்த பின் வீட்டுக்கு அருகில் இருக்கலாம் என்று 22 அடி ஃபைபர் வள்ளமும், அதோடு 9.9 குதிரைத்திறன் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டாரும் வாங்கினேன். விற்றவர், ‘முழுசாகத் திருகினால் ஏழு நாட் ஓடும், மணிக்கு நாலு லிட்டர் குடிக்கும்’ என்றார். ஏழு நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) என்பது உண்மைதான், மீன் சுமை ஏறாத வள்ளமாக இருந்தால். நாலு லிட்டர் உண்மையில்லை.

அன்று கணவாய்த் தூண்டிலுக்காகக் குளச்சலுக்கு வெளியே போனேன். உடன் வரவேண்டியவர் வீட்டில் ஒரு துக்கம், அதனால் தனியாக. நீரோடியிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 12 கடல் மைல். போக வர 24 மைல். ஏழு நாட்டில் மூன்றரை மணி நேரம், மணிக்கு நாலு லிட்டர் என்றால் 14 லிட்டர். அங்கே இடம் மாறி மாறித் தூண்டில் போட மூன்று லிட்டர். ஆக 17. நான் 20 லிட்டர் எடுத்துக்கொண்டேன். காகிதத்தில் மூன்று லிட்டர் மிச்சம்.

போகும்போது எல்லாம் இனிமையாக இருந்தது. தென்மேற்குப் பருவக் காலத்தில் எங்கள் கரையோரம் நீரோட்டம் தெற்கும் கிழக்குமாக இழுக்கும். அன்று ஒன்றரை நாட் அளவுக்கு இழுத்தது. கைபேசியில் ஜி.பி.எஸ். எட்டரை நாட் காட்டியது. மகிழ்ச்சியாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விட்டேன். கணவாயும் நன்றாகக் கிடைத்தது. பெட்டி நிறைய ஐஸும் மீனுமாக மாலையில் திரும்பினேன்.

திரும்பும்போது அதே நீரோட்டம் எதிரே வந்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் முகத்தில் அடித்தது. சுமையோடு வள்ளம் நீரில் ஆறு நாட் சொச்சம்தான் ஓடியது. அதில் ஒன்றரையைக் கழித்தால் கரையைப் பார்த்து நான் நகர்ந்தது ஐந்து நாட்டுக்கும் குறைவு. இருட்டுவதற்குள் கரையேற வேண்டும் என்று முழுசாகத் திருகியே வைத்திருந்தேன். எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். தேங்காப்பட்டணத்துக்கு நேரே வந்தபோது டாங்கில் எரிபொருள் குறைந்திருப்பது தெரிந்தது. அங்கே ஒதுங்கியிருக்கலாமே என்று பலர் பிறகு கேட்டார்கள். அந்தத் துறைமுக முகத்துவாரத்தில் கச்சான் காலத்தில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது எங்கள் பகுதியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பொழுது சாயும் நேரத்தில், தனி ஆளாக, எப்போது நிற்கும் என்று தெரியாத மோட்டாரோடு அந்த வாயில் நுழைய எனக்கு மனம் வரவில்லை. இன்றும் அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். ஊருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது, சின்னத்துறைக்கு வெளியே, மோட்டார் இரண்டு முறை இருமி நின்றது.

அந்த அமைதியை என்னால் விவரிக்க முடியவில்லை. மோட்டார் ஓசை நின்றவுடன் அலையின் ஓசை மட்டும் பெரிதாகக் கேட்கும். கரை விளக்குகள் தெரிகின்றன, ஆனால் அவை மெல்ல மேற்கே நகர்கின்றன. உண்மையில் நகர்வது நான்தான். வந்த வழியே தெற்கே இழுத்துக்கொண்டு போகிறது கடல். ஓகிப் புயலில் 2017 நவம்பர் கடைசியில் எங்கள் ஊர்களிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. வாய்விட்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

என்னைக் காப்பாற்றியது நங்கூரக் கயிறு. அந்த இடத்தில் ஆழம் பதினைந்து பாகம் இருக்கும் (ஒரு பாகம் ஆறு அடி). என்னிடம் ஐம்பது பாகம் கயிறு இருந்தது. ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் கிடையாக இழுபட்டுப் பிடிக்கும்; நேர்க்குத்தாக நின்றால் அலை தூக்கும்போதெல்லாம் பிடுங்கிக்கொள்ளும். முன்பக்கத்தில் கட்டி விட்டேன், பிடித்தது. பின்பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். மோட்டாரின் எடையும் அலையும் சேர்ந்து பின்பலகை வழியாகத் தண்ணீர் ஏறிவிடும். ஜி.பி.எஸ். ஓட்டியதில் கைபேசியில் சார்ஜ் கடைசிச் சொட்டில் இருந்தது. தம்பிக்கு ஒரே ஒரு அழைப்பு. இடத்தைச் சொன்னேன், அணைந்துவிட்டது. கரையில் அலை பெரிதாக இருந்ததால் இருட்டில் வள்ளம் இறக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து இரவில் தொழிலுக்கு இறங்கும் பொழியூர்க்காரர்களைத் தேடிப் பிடித்திருக்கிறான். நள்ளிரவு தாண்டி ஒரு விளக்கு என்னை நோக்கி வந்தது. ‘பயப்படாதே மக்கா, நாங்க வந்தாச்சு’ என்று ஒரு குரல். ஐந்து லிட்டர் கேனைத் தந்தார்கள். பணம் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. ‘இன்னொருத்தன் நிற்கும்போது நீ கொடு’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கரையேறியபோது விடிந்துவிட்டது. ஐஸ் கரைந்து கணவாய் நிறம் மாறியிருந்தது. ஏலத்தில் பாதி விலைகூடக் கிடைக்கவில்லை. ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் அன்று மட்டும் இழப்பு. அதைவிடப் பெரிய இழப்பு பிறகுதான் கணக்கில் வந்தது. அந்தப் பருவம் முழுவதும் தேவைக்கு மேல் எரித்த பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தால் நாற்பதாயிரத்தை நெருங்குகிறது. என் மனைவியின் நகை வங்கியில் இருந்த காலம் அது.

அதன் பிறகு செய்த முதல் வேலை, என் மோட்டார் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூடியும் காற்றுத் துளையும் உள்ள ஒரு சிறிய பெட்ரோல் கேனில் சரியாக ஒரு லிட்டர் அளந்து ஊற்றி, டாங்குக்குப் போகும் குழாயை அதில் மாட்டினேன். கடல் அமைதியாக இருக்கும் காலை நேரம், போகும்போது இருக்கும் வழக்கமான சுமை, வேகம் கூட்டும் திருகு அசையாமல் ஒரே நிலையில். ஒரு லிட்டர் தீர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முழுத் திருகில் 12 நிமிடத்தில் தீர்ந்தது. அப்படியென்றால் மணிக்கு ஐந்து லிட்டர். டூ ஸ்ட்ரோக் கார்புரேட்டர் மோட்டார் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.4 லிட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ எரிக்கும் என்பது பொதுவான கணக்கு, அதன்படி 9.9-க்கு நாலு லிட்டருக்குக் குறைய வழியே இல்லை, பழைய மோட்டாருக்கு ஐந்து ஆச்சரியமும் இல்லை. பாட்டில், பக்கெட் என்று திறந்த பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி வள்ளத்தின் அடியில் தங்கும், ஒரு பொறி போதும்.

வேகத்தையும் அதே நேரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். காட்டுவது தரைக்கு எதிரான வேகம், நீருக்கு எதிரான வேகம் அல்ல. ஆகவே ஒரே திருகில் நீரோட்டத்தோடு ஒரு முறையும் எதிராக ஒரு முறையும் ஓட்டி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நீரில் உங்கள் உண்மை வேகம் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அன்றைய நீரோட்டம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். திருகைக் குறைத்து மறுபடி அளந்தேன். ஏழு நாட் ஓடிய வள்ளம் ஐந்தரை நாட்டுக்கு இறங்கியது. ஒரு லிட்டர் தீர 24 நிமிடம் ஆனது. மணிக்கு இரண்டரை லிட்டர்! வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம் விட்டுக்கொடுத்ததற்கு எரிபொருள் பாதியானது. மைலுக்குக் கணக்கிட்டால் முழுத் திருகில் 0.71 லிட்டர், குறைத்தால் 0.45. முதலில் நம்பவில்லை, மறுபடி அளந்தேன், அதேதான் வந்தது.

காரணம் நீரில் இருக்கிறது. சாலையில் ஓடும் பைக் போல் வள்ளம் உருண்டு போவதில்லை. நீரைத் தள்ளிக்கொண்டு, தானே ஓர் அலையை எழுப்பிக்கொண்டு போகிறது. இந்த வகை ஓட்டத்தில் வேகத்தைக் கூட்டினால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. நீர்மட்டத்தில் வள்ளத்தின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவது அந்த வள்ளத்தின் இயல்பான உச்ச வேகம். நீரில் 20 அடி படியும் என் வள்ளத்துக்கு அது ஆறு நாட். அதைத் தாண்டும்போது வள்ளம் தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முயல்கிறது. பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால், பின்னால் சுவர்போல அலை எழுந்தால், உங்கள் பணம் அங்கே எரிகிறது என்று பொருள். நீரை விட்டு மேலெழுந்து வழுக்கி ஓடும் அளவுக்குக் குதிரைத்திறன் உள்ள இலேசான படகுகளுக்குக் கணக்கு வேறு. நம் மீன்பிடி வள்ளங்கள் சுமையோடு பெரும்பாலும் அந்த நிலைக்குப் போவதே இல்லை.

அந்த மாலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. திரும்பும்போது கையில் பத்து லிட்டர் இருந்தது. முழுத் திருகில் மணிக்கு ஐந்து லிட்டர், கரை நோக்கி 4.7 நாட், 12 மைலுக்கு 12.8 லிட்டர் தேவை. குறைத்து ஓட்டியிருந்தால் நீரில் ஐந்து நாட், கரை நோக்கி மூன்றரை, ஏறத்தாழ 8.6 லிட்டரில் வீடு. ஐம்பது நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும், டாங்கில் ஒரு லிட்டருக்கு மேல் மிஞ்சியிருக்கும். எரிபொருள் குறைகிறது என்று தெரிந்தவுடன் வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் கை திருகும். நேர் எதிராகச் செய்ய வேண்டும். ஆனால் ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. நீரோட்டத்தின் வேகத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் எரிபொருள் எரியும், கரை நெருங்காது.

அளந்த பிறகு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது புரொப்பெல்லரைத்தான். பிளக் ஒயரில் சுற்றும் சின்னச் சுழற்சி மீட்டர் ஒன்றை மாட்டிக் கடலுக்கு அனுப்பினார். என் மோட்டாரின் கையேட்டின்படி முழுத் திருகில் நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்று வர வேண்டும். சுமையோடு 4,200-ஐத் தாண்டவில்லை. முன்பு அது இலேசான வேறொரு படகில் இருந்த மோட்டார். அந்தப் படகுக்குப் பொருத்திய புரொப்பெல்லரோடே எனக்கு விற்றிருக்கிறார்கள். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், கூடுதல். மோட்டார் திணறித் திணறிப் பெட்ரோல் குடித்திருக்கிறது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று வரை ஏறும். இரண்டு அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் மாட்டியதும் சுமையோடு அரை நாட் வரை கூடியது, பிளக்கும் கரி பிடிக்காமல் இருக்கிறது. மீட்டர் விலை சில நூறு ரூபாய்தான். எங்கள் கரையில் ஒரு வள்ளத்திலும் அது இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மோட்டார் நிற்கும் உயரமும் அப்படித்தான். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, வள்ளத்தின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் இழுவை, உயர்ந்தால் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும். பின்பலகை 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு, 20 என்றால் நெட்டைத் தண்டு. தனியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நீங்களும் மோட்டாரும் டாங்கும் பின்பக்கத்தில் இருந்தால் முன்பக்கம் எப்போதும் தூக்கியே நிற்கும். ஐஸ் பெட்டியை முன்னால் தள்ளிவையுங்கள். அடியில் தேங்கும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருங்கள்; நூறு லிட்டர் தண்ணீர் என்பது கூலி வாங்காமல் உடன் வரும் நூறு கிலோ. துறைமுகத்தில் நீரிலேயே கட்டி வைக்கும் வள்ளம் என்றால் அடியில் ஒட்டி வளரும் பாசியையும் கொட்டலசையும் சுரண்டாமல் எந்தக் கணக்கும் நிற்காது.

எண்ணெய்க் கலவை பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் வெளிப்பொருத்து மோட்டார்களுக்கு 50-க்கு 1, அதாவது 20 லிட்டருக்கு 400 மில்லி. கூட ஊற்றினால் மோட்டார் நன்றாக இருக்கும் என்று கரையில் ஒரு நம்பிக்கை உண்டு. பிளக்தான் நனையும். மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருப்பவர்கள் பெட்ரோலில் கிளப்பிச் சூடான பிறகே மாற்ற வேண்டும், நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். மானிய மண்ணெண்ணெய் மலிவு என்பதால் அளக்காமல் விடாதீர்கள், நடுக்கடலில் தீர்ந்தால் மானியம் உதவாது. ஃபோர் ஸ்ட்ரோக் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மை. பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறுவது டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குணம். ஆனால் விலையும் எடையும் கூடுதல். நீரோடிபோல் அலைக்குள் இறக்கி, மணலில் ஏற்றும் கரையில் அந்த எடை தினமும் தோளில் தெரியும். துறைமுகத்தில் கட்டுபவர்களுக்கு அது நல்ல முதலீடு.

இப்போது நான் எடுத்துக்கொண்டு போவது மூன்றில் ஒரு பங்கு கணக்கில். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் ஒரு பங்கு. அந்த மூன்றாவது பங்கு தனிக் கேனில், தனி மூடியோடு இருக்கிறது. டாங்கிலேயே இருந்தால் எது மிச்சம் என்று தெரியாது. முடிந்தவரை முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போய்விட்டு, சுமையோடு வரும்போது அதன் கூடவே வருகிறேன். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டு எண்களும் கைபேசியில் மட்டுமல்லாமல் வள்ளத்தின் உள்பக்கத்தில் பெயின்டில் எழுதியிருக்கின்றன. சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் ஒன்று பாலித்தீன் உறையில் கிடக்கிறது.

பழைய மோட்டார் வாங்கப் போகிறவர்கள் விற்பவர் சொல்லும் எண்ணைக் கேட்டுத் தலையாட்ட வேண்டாம். ஒரு லிட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், உங்கள் வள்ளத்தில், உங்கள் சுமையோடு, அவர் முன்னிலையிலேயே ஓட்டிப் பாருங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்கமாட்டார். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அளவு கேனும் சுழற்சி மீட்டரும் வேண்டுமென்றால் என்னுடையதையே தருகிறேன். உடன் வந்து அளந்தும் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாள் காலையும் கரையில் இருப்பேன்.